குந்தவை என்னும் பெயர்

பெண் குழந்தைக்குப் பெயர் சூட்டும் பெற்றோர் பலர், எங்கும் கேட்கும் பெயரை விடுத்து, அரிதாக வழங்கும் பெயர் ஒன்றைத் தேடுவர். அப்பெயர் செவிக்கு இனியதாகவும் வரலாறு உடையதாகவும் இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் விருப்பம். அவ்விரு இயல்புகளும் ஒருங்கே அமைந்த பெயர் குந்தவை என்பதாகும். நான்கே எழுத்துகளாலான இப்பெயரை இன்று சூடியிருப்போர் மிகச் சிலரே. பிற மாநிலத்துப் பள்ளி ஒன்றின் வருகைப் பதிவேட்டில் இப்பெயர் காணப்பட்டால், அதைப் படிக்கும் ஆசிரியர் சற்றே தயங்கக்கூடும். இது யாருடைய பெயர் என்று உடன்பயிலும் மாணவர் வினவவும் கூடும். அவ்வினாவிற்கு விடை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சோழ இளவரசி ஒருவரின் வாழ்வில் உள்ளது.

பிறப்பும் குடும்பமும்

சோழ நாட்டை ஏறத்தாழ கி.பி. 957 முதல் 973 வரை ஆண்டவர் இரண்டாம் பராந்தகர். இவரைச் சுந்தர சோழர் என்றும் அழைப்பர். இவருக்கும் வானவன் மாதேவிக்கும் பிறந்த மகளே குந்தவை. ஆதித்த கரிகாலனும் அருள்மொழிவர்மனும் இவருடன் பிறந்தோர் ஆவர். அருள்மொழிவர்மனே பின்னாளில் முதலாம் இராசராசன் எனப் புகழ்பெற்றார்.

குந்தவை என்னும் பெயர் சோழர் குடும்பத்தில் முன்பே வழங்கி வந்தது. சுந்தர சோழரின் தந்தையான அரிஞ்சயனின் அரசியருள் ஒருவர் பெயர் வீமன் குந்தவையார். வீமன் என்பது அவ்வரசியின் தந்தை பெயர் என்றும், அவர் கோதாவரி, கிருட்டிணை ஆறுகளுக்கு இடைப்பட்ட வேங்கி நாட்டை ஆண்ட கீழைச் சாளுக்கிய மன்னர் என்றும் ஆய்வாளர் சிலர் கருதுவர். அக்கருத்தின்படி, இப்பெயர் சோழர் அரண்மனைக்குத் தெலுங்கு நாட்டிலிருந்து வந்த மருமகளோடு வந்ததாகும்.

இளவரசியின் வாழ்வு இன்பம் மட்டுமே நிறைந்ததாக அமையவில்லை. போர்க்களத்தில் வீரம் காட்டிய ஆதித்த கரிகாலன் சூழ்ச்சியால் கொல்லப்பட்டார். கொலையில் தொடர்புடையோரின் நிலங்கள் பறிக்கப்பட்ட செய்தியை உடையார்குடிக் கல்வெட்டு இன்றும் தாங்கி நிற்கிறது. தந்தை சுந்தர சோழரும் மறைந்தார். கணவர் இறந்தபோது வானவன் மாதேவியும் தம் உயிரைத் துறந்தார் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. உடன்பிறந்தான், தந்தை, தாய் ஆகிய மூவரையும் இழந்த குந்தவைக்கு எஞ்சியிருந்த உடன்பிறந்தார் அருள்மொழிவர்மன். அரியணையோ அவருக்கு உடனே கிட்டவில்லை. சிறிய தந்தை முறையினரான உத்தம சோழர் ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆண்டபின், கி.பி. 985-இல் அவர் முடி சூடினார்.

குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியதேவர். குந்தவையின் கொடைகளைக் குறிக்கும் கல்வெட்டுகள், இவரை வந்தியதேவரின் தேவியார் என்றும் இராசராசனின் தமக்கை என்றும் சுட்டுகின்றன. திருமணத்திற்குப் பின்னரும் இவர் சோழ நாட்டிலேயே வாழ்ந்தார். கும்பகோணத்திற்கு அருகிலுள்ள பழையாறையில் அந்நாளில் சோழர் அரண்மனை இருந்தது. குந்தவை தம் கொடைகள் சிலவற்றை அவ்வரண்மனையில் இருந்தவாறே வழங்கினார்.

தமக்கைக்கு அளித்த இடம்

தஞ்சாவூரில் இராசராசன் எழுப்பிய பெருங்கோயில் கி.பி. 1010-இல் நிறைவுற்றது. அக்கோயிலுக்கு யார் யார் எவற்றைக் கொடுத்தனர் என்பதைக் கல்லில் வெட்டுமாறு மன்னர் ஆணையிட்டார். அவ்வாணையில் ஒரு வரிசை அமைந்துள்ளது. முதலில் மன்னர் கொடுத்தவை. அடுத்து அவருடைய அக்கன் கொடுத்தவை. அதற்குப் பின்னரே அரசியர் கொடுத்தவை. இறுதியில் ஏனையோர் கொடுத்தவை. அக்கன் என்பது தமக்கையைக் குறிக்கும் பழஞ்சொல். இன்றும் வீடுகளில் வழங்கும் அக்கா என்னும் சொல்லோடு உறவுடையது அது.

பேரரசன் ஒருவன் தன் பெயருக்கு அடுத்த இடத்தைத் தமக்கைக்கு அளித்தான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அரசியருக்கு முன்னதாகத் தமக்கையை வைத்த அவ்வரிசையில் நன்றியும் மதிப்பும் ஒருங்கே வெளிப்படுகின்றன. பெற்றோரை இழந்த குடும்பத்தில் மூத்தவராக நின்றவர் குந்தவையே அன்றோ?

பெற்றோருக்கு எடுத்த படிமங்கள்

பெரிய கோயிலுக்குக் குந்தவை செப்புத் திருமேனிகள் நான்கினை அளித்தார். அவற்றுள் இரண்டு உமையம்மையின் திருமேனிகள். மற்ற இரண்டும் தம் தந்தைக்கும் தாய்க்கும் எடுத்த படிமங்கள் ஆகும். சுந்தர சோழர் காஞ்சிபுரத்துப் பொன்மாளிகையில் உயிர் நீத்தமையால், பொன்மாளிகையில் துயின்ற தேவர் என்னும் பொருள்படும் பெயரால் அவர் படிமம் குறிக்கப்பட்டது. தம்பி கட்டிய கோயிலில், மறைந்த பெற்றோர் இருவருக்கும் நிலையான இடம் அமைத்தார் மகள்.

படிமங்களை அளித்ததோடு அவர் பணி முடியவில்லை. பொன்னாலும் முத்தாலும் மணிகளாலும் ஆன அணிகலன்களையும் கலங்களையும் வழங்கினார். பொன்னை நிறுப்பதற்கு ஆடவல்லான் என்னும் பெயருடைய எடைக்கல் பயன்பட்டது. எடைகள் கழஞ்சு, மஞ்சாடி என்னும் அளவுகளில் குறிக்கப்பட்டன. 20 மஞ்சாடி கொண்டது ஒரு கழஞ்சு. முத்துகளும் மணிகளும் எண்ணிக்கையோடு பதியப்பட்டன. அக்கோயிலின் நகைக் கல்வெட்டுகள் மணிகளின் நிறைகளை மட்டும் கூறி அமையவில்லை. புள்ளி விழுந்தவை, கீறல் உடையவை எனக் குறைகளையும் மறையாது கூறுகின்றன. கொடுத்தவர் அரச குடும்பத்தினர் ஆயினும் கணக்கு நேர்மையாகவே எழுதப்பட்டது.

அழியாத முதல்

ஒருமுறை வழங்கிய பொருள் விரைவில் செலவாகிவிடும். வழிபாடோ ஆண்டுதோறும் நடைபெற வேண்டும். இதற்குக் குந்தவை காலத்தில் சிறந்த வழி ஒன்று கையாளப்பட்டது. கொடைப் பணமான காசுகள் ஊர்ச் சபைகளிடம் ஒப்படைக்கப்பட்டன. சபையார் அம்முதலைத் தம் ஊரின் தேவைகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதற்கு ஈடாக ஒவ்வோர் ஆண்டும் கோயிலுக்கு வட்டி செலுத்த வேண்டும். இவ்வட்டியைப் பொலிசை என்பர். ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி எனக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. இக்காலக் கணக்கில் நூற்றுக்கு 12.5 ஆகும்.

எடுத்துக்காட்டாக, 200 காசுகளை ஓர் ஊர்ச் சபை பெற்றுக்கொண்டால், ஆண்டுதோறும் 25 காசுகளைக் கோயிலுக்குச் செலுத்தும். முதலாகிய 200 காசுகள் குறைவதில்லை. கோயிலுக்கு நிலையான வருவாய் கிடைத்தது. ஊருக்கும் கைம்முதல் கிடைத்தது. தம் பெற்றோரின் படிமங்களுக்கு உரிய வழிபாட்டிற்கும் குந்தவை இம்முறையிலேயே பொருள் வைத்தார். தமக்குப் பின்னும் அறம் தொடர வேண்டும் என்னும் தொலைநோக்கு இதனால் புலனாகிறது.

மூன்று சமயங்கள், ஒரே கை

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்திற்கு அருகே தாதாபுரம் என்னும் சிற்றூர் உள்ளது. சோழர் காலத்தில் அது இராசராசபுரம் எனப் பெயர் பெற்றிருந்தது. அவ்வூரில் குந்தவை மூன்று கோயில்களை எடுப்பித்தார். சிவபெருமானுக்கு இரவிகுல மாணிக்க ஈசுவரம். திருமாலுக்குக் குந்தவை விண்ணகரம். சமணருக்குக் குந்தவை சினாலயம். சிவன் கோயிலும் திருமால் கோயிலும் அவ்வூரில் இன்றும் உள்ளன. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகிலுள்ள திருமலை என்னும் சமணத் தலத்திலும் குந்தவை சினாலயம் என்னும் பெயரைக் கல்வெட்டில் காணலாம்.

சோழ மன்னர் சிவநெறியைப் போற்றியவர். ஆயினும் இளவரசியின் கொடை ஒரு சமயத்தாரோடு நின்றுவிடவில்லை. ஒரே ஊரில் முச்சமயத்தாரும் தத்தம் முறைப்படி வழிபடுவதற்கு இடம் அமைத்தமை அவருடைய பரந்த உள்ளத்தைக் காட்டும்.

நோயாளர்மீதும் அவர் கருத்து சென்றது. நோயுற்றோருக்கு மருத்துவம் செய்யும் இடத்தை அந்நாளில் ஆதுலர் சாலை என்றனர். தஞ்சாவூரில் சுந்தர சோழரின் பெயரால் விளங்கிய ஆதுலர் சாலையில் பணியாற்றிய மருத்துவருக்குக் குந்தவை நிலக்கொடை வழங்கினார். நிலத்தின் விளைவு மருத்துவரின் வாழ்வுக்கு உதவும். மருத்துவர் கவலையின்றி நோய் தீர்ப்பார். இங்கும் தந்தையின் பெயரே நிலைத்தது. இராசராசன் கி.பி. 1014-இல் மறைந்தபின், அவர் மகன் இராசேந்திரன் ஆட்சியின் தொடக்கத்திலும் குந்தவை வாழ்ந்து அறம் செய்தார்.

வேங்கிக்குச் சென்ற பெயர்

தமக்கையின்மீது இராசராசன் கொண்ட மதிப்பு மற்றொரு வகையிலும் வெளிப்பட்டது. அவர் தம் மகளுக்குக் குந்தவை என்னும் பெயரையே சூட்டினார். அத்தை, மருமகள் ஆகிய இருவரும் ஒரே பெயரால் விளங்கினர். ஆனால் இளைய குந்தவையின் வாழ்வு வேறு மண்ணில் அமைந்தது.

வேங்கி நாட்டு இளவரசர்களான சத்திவர்மனும் விமலாதித்தனும் தம் நாட்டை இழந்து சோழரிடம் அடைக்கலம் புகுந்தவர்கள். இராசராசனின் துணையால் சத்திவர்மன் தன் அரியணையை மீண்டும் பெற்றான். விமலாதித்தனுக்கு இராசராசன் தம் மகளை மணம் செய்து கொடுத்தார். காவிரிக் கரையில் பிறந்த இளைய குந்தவை கோதாவரி பாயும் நாட்டிற்கு அரசியாகச் சென்றார். அங்கே வழங்கிய மொழி தெலுங்கு. பிறந்த மண்ணை நீங்கிப் பிறமொழி பேசும் நாட்டில் வாழ்ந்த அவர் தம்மோடு கொண்டு சென்றது தமக்கு இடப்பட்ட பெயர். கீழைச் சாளுக்கியரின் செப்பேடுகளும் அவரை அப்பெயராலேயே குறிக்கின்றன.

இளைய குந்தவையின் மகன் தன் தாய்வழிப் பாட்டனாரின் பெயரைப் பெற்று இராசராச நரேந்திரன் எனப்பட்டான். தந்தைக்குப் பின் அரியணை அவனுக்கு எளிதில் கிட்டவில்லை. மற்றோர் அரசியின் மகனான விசயாதித்தனும் அதனை வேண்டி நின்றான். தாய்மாமனாகிய இராசேந்திர சோழன் துணை நிற்க, கி.பி. 1022-இல் நரேந்திரன் முடி சூடினான். இராசமகேந்திரவரத்தில் இருந்து ஆண்ட அவன், நன்னயர் என்னும் புலவரைக் கொண்டு மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடச் செய்தான். தெலுங்கு இலக்கிய வரலாற்றில் முதன்மை பெறும் நூல் அது. சோழ இளவரசியின் மகன் தெலுங்கைப் பேணி வளர்த்தான். தாய்வீட்டுப் பெயர் நிலைத்தது. புகுந்த நாட்டின் மொழியும் செழித்தது. ஒன்றைப் போற்றுவதற்கு மற்றொன்றை விலக்க வேண்டிய தேவை எழவில்லை.

திரும்பி வந்த பெயர்

நரேந்திரன் இராசேந்திர சோழனின் மகளான அம்மங்கையை மணந்தான். அவர்களுடைய மகனே கி.பி. 1070-இல் சோழ நாட்டு அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். தந்தை வழியில் சாளுக்கியனும் தாய் வழியில் சோழனுமாகிய அவன் இரு குலங்களையும் இணைத்தான்.

குலோத்துங்கனின் தங்கையின் பெயரும் குந்தவை என்பதேயாகும். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் தில்லைச் சிதம்பரம் கோயிலுக்குக் கொடை அளித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. வேங்கி சென்ற இளவரசியின் பேத்தி, பாட்டியின் பெயரோடு தமிழ் மண்ணில் அறம் செய்தார். காவிரியிலிருந்து கோதாவரிக்குச் சென்ற பெயர் இரு தலைமுறைகளுக்குப் பின் மீண்டும் தமிழ்க் கல்லில் பொறிக்கப்பட்டது.

பெயரின் பெருமை

பல நூற்றாண்டுகள் கழிந்தபின் குந்தவையின் பெயர் மக்களிடையே மீண்டும் பரவியது. அதற்குக் காரணம் கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் என்னும் புதினம். கி.பி. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்த அப்புதினத்தில் குந்தவை அறிவும் துணிவும் உடைய இளவரசியாக இடம்பெறுகிறார். புதினத்தின் நிகழ்ச்சிகள் பல கற்பனையாயினும், அதைப் படித்தோர் வரலாற்றுக் குந்தவையைத் தேடத் தொடங்கினர். தஞ்சாவூரில் உள்ள அரசு மகளிர் கல்லூரி ஒன்றும் குந்தவை நாச்சியார் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அரச குலத்தில் பிறந்த பெண்டிர் எண்ணற்றோர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் மறைந்து போயின. குந்தவையின் பெயர் மறையாமைக்கு அவர் பிறந்த குலம் மட்டும் காரணமன்று. பெற்றோரை மறவாத அன்பு, கொடுத்ததைக் கணக்கோடு கொடுத்த நேர்மை, முச்சமயத்தாரையும் மதித்த பண்பு, நோயாளரை எண்ணிய இரக்கம் ஆகியவை அப்பெயரோடு இணைந்தன. அதனாலேயே தம்பி தன் மகளுக்கு அதைச் சூட்டினான். அம்மகளின் பேத்தியும் அதைத் தாங்கினாள். ஊரும் மொழியும் மாறிய இடத்திலும் அப்பெயர் தன் ஒலியை இழக்கவில்லை. சூட்டியவர் அன்பும் சூடியவர் செயலும் சேரும்போதே ஒரு பெயர் தலைமுறைகளைக் கடந்து வாழ்கிறது.

பயிற்சி

அ. பொருத்துக.
1. ஆதுலர் சாலை – வட்டி
2. பொலிசை – திருமால் கோயில்
3. அக்கன் – மருத்துவமனை
4. விண்ணகரம் – தமக்கை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. குந்தவையின் பெற்றோர் யாவர்?
2. பெரிய கோயில் கொடைகளைக் கல்லில் வெட்டச் சொன்ன ஆணையில் தமக்கைக்கு எந்த இடம் அளிக்கப்பட்டது?
3. தாதாபுரத்தில் குந்தவை எடுப்பித்த மூன்று கோயில்கள் யாவை?
4. ஓர் ஊர்ச் சபை 400 காசுகளை முதலாகப் பெற்றால், அரைக்கால் வட்டிப்படி ஆண்டுக்கு எத்தனை காசு செலுத்த வேண்டும்?

இ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. குந்தவை என்னும் பெயர் காவிரிக் கரையிலிருந்து கோதாவரிக் கரைக்குச் சென்று திரும்பிய வரலாற்றை எழுதுக.
2. இளைய குந்தவையின் மகன் தெலுங்கு இலக்கியத்திற்குச் செய்த உதவி யாது? அதனால் நீங்கள் அறிவது என்ன?

ஈ. செய்து பார்க்க.
உங்கள் பெயரை உங்களுக்குச் சூட்டியவர் யார், அதை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதை வீட்டில் கேட்டறிந்து தமிழில் பத்துத் தொடர்கள் எழுதுக. நீங்கள் வாழும் மாநிலத்தின் வரலாற்றில் புகழ்பெற்ற அரசி ஒருவரின் பெயரையும் அவர் செய்த நற்பணி ஒன்றையும் கண்டறிந்து வகுப்பில் கூறுக.